ஆண்டுக்கு ஒரு டிரிப்ஸ்: எலும்புப்புரைக்கான சோலெட்ரோனிக் அமிலத்துக்கு முன்னும் பின்னும்

முதல் தடவை அம்மாவுக்கு இந்த மருந்து ஏற்றிய மறுநாள் இரவு பதினொரு மணிக்கு 102 டிகிரி காய்ச்சல். போர்வைக்கு மேல் போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. அடித்துப் போட்டதுபோல் உடம்பெல்லாம் வலி. மருந்து ஏற்றிய இடத்தில், "சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம்" என்றதோடு சரி. காய்ச்சல் வரும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்கு ஓடினோம். டெங்குப் பரிசோதனை வரைக்கும் எடுத்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் தானாக இறங்கியது. "இனி அந்த ஊசி இருக்கிற பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். அந்த முடிவை மாற்ற எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அதன் பிறகு இரண்டு தடவை ஏற்றியாகிவிட்டது. இரண்டும் சத்தமில்லாமல் முடிந்தன. மருந்து ஏறுவது கால் மணி நேரம்தான். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தும், பின்னால் இரண்டு வாரமும் வீட்டில் செய்ய வேண்டிய வேலைகள்தான் அதிகம். அவற்றை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை என்பதால் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லர். இதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் கேள்வி கேளுங்கள், முடிவு அவருடையது.

எந்த மருந்து, எதற்கு

நம் ஊரில் எலும்புத் தேய்மானம் என்ற ஒரே சொல்லை இரண்டு நோய்களுக்கும் சொல்லிவிடுகிறோம். முழங்கால் மூட்டு தேய்ந்து வலிப்பது ஒன்று. எலும்புக்குள் அடர்த்தி குறைந்து, வலியே இல்லாமல் இருந்து, ஒரு நாள் வாசற்படியில் சறுக்கினால் மணிக்கட்டு முறிவது இன்னொன்று. இரண்டாவதுதான் எலும்புப்புரை. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிட்டுத் தரும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அப்படிச் சொல்வார்கள். முழங்கால் வலிக்கு இந்த மருந்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

சோலெட்ரோனிக் அமிலம் பிஸ்பாஸ்பொனேட் வகையைச் சேர்ந்தது. எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கி வைக்கும். எலும்புப்புரைக்கு 5 மில்லிகிராம் மருந்து, 100 மில்லி திரவத்தில், ஆண்டுக்கு ஒரு முறை ரத்தக்குழாய் வழியாக ஏற்றப்படுகிறது. வாரம் ஒரு மாத்திரை விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க முடியாதவர்கள், உணவுக்குழாயில் புண் உள்ளவர்கள், மாத்திரையை மறந்துபோகிறவர்கள் ஆகியோருக்கு இது வசதி. 2007-இல் வெளியான ஹொரைசன் என்ற பெரிய ஆய்வில், மூன்று ஆண்டுகளில் முதுகெலும்பு முறிவுகள் 70 சதவீதமும் இடுப்பெலும்பு முறிவுகள் 41 சதவீதமும் குறைந்தன. அம்மாவை நான் சம்மதிக்க வைத்தது இந்த எண்களைச் சொல்லித்தான் என்று பெருமையடிக்க ஆசை. உண்மையில் சம்மதிக்க வைத்தது, இடுப்பு முறிந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்த பக்கத்து வீட்டுப் பாட்டி.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்றுத் தோலுக்கு அடியில் போடும் டெனோசுமாப் வேறு மருந்து, அதன் விதிகள் வேறு. உங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பது எது என்பதைச் சீட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு மாதம் முன்பு: ரத்தப் பரிசோதனை

மூன்று எண்கள் கையில் இருக்க வேண்டும்: கால்சியம், வைட்டமின் டி, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு).

கால்சியம் குறைவாக இருக்கும்போது இந்த மருந்தை ஏற்றவே கூடாது. எலும்பிலிருந்து ரத்தத்துக்குக் கால்சியம் வரும் வழியை மருந்து அடைத்துவிடுவதால், ஏற்கெனவே குறைவாக இருப்பது மேலும் சரியும். வைட்டமின் டி இல்லாவிட்டால் சாப்பிடும் கால்சியமும் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. வெயில் கொட்டுகிற ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்காதீர்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெரியவர்களுக்குக் குறைவாக இருப்பதுதான் வழக்கம். ஒரு மில்லி ரத்தத்தில் குறைந்தது 20 நானோகிராம் வேண்டும். 30-ஐத் தாண்டட்டும் என்று காத்திருக்கும் மருத்துவர்களும் உண்டு. அம்மாவுக்கு 11 இருந்தது. வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட் வீதம் எட்டு வாரம் கொடுத்துச் சரி செய்தார்கள். ஒரு மாதமாவது முன்பே பரிசோதியுங்கள் என்று சொல்வது இதனால்தான். முந்தின நாள் பரிசோதித்துக் குறைவு என்று தெரிந்தால் தேதியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

கிரியாட்டினின் விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எலும்பில் ஒட்டாத மருந்து முழுக்கச் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் சுத்திகரிக்கும் வேகம் நிமிடத்துக்கு 35 மில்லிக்குக் கீழே இருந்தால் மருந்து கூடாது. இந்த வேகத்தைக் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது: 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியாட்டினினால் வகுக்க வேண்டும், பெண்களுக்கு வரும் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும்.

78 வயது, 42 கிலோ எடை, கிரியாட்டினின் 1.0 உள்ள ஒரு பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வக அறிக்கையில் 1.0-க்கு நேரே சிவப்பு எழுத்து எதுவும் இருக்காது. 140-இல் 78 போக 62; 42-ஆல் பெருக்கினால் 2604; 72-ஆல் வகுத்தால் 36; 0.85-ஆல் பெருக்கினால் சுமார் 31. மருந்து கூடாது என்கிற எல்லைக்குள் வந்துவிட்டது! அதே அறிக்கையின் இ.ஜி.எஃப்.ஆர் (ஆய்வகமே மதிப்பிட்டுத் தரும் சிறுநீரக வேகம்) வரியில் ஐம்பதுக்கு மேல் ஒரு எண் இருக்கலாம். அந்தக் கணக்கில் எடை சேர்வதில்லை. ஒல்லியான வயதானவர்கள்தான் எலும்புப்புரைக்கு அதிகம் ஆளாகிறவர்கள், எடை சேராத கணக்கில் தவறவிடப்படுகிறவர்களும் அவர்களே. அதனால் எடையை வீட்டிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு போய், "எடையைச் சேர்த்துக் கணக்கிட்டீர்களா, டாக்டர்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் கேளுங்கள். சென்ற ஆண்டு எண் இந்த ஆண்டுக்கு ஆகாது.

பல் மருத்துவர்

இணையத்தில் தேடினால் முதலில் பயமுறுத்துவது தாடை எலும்பு அழுகல். உண்மைதான், ஆனால் எலும்புப்புரைக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றிக்கொள்பவர்களுக்கு அது மிக அரிது. பத்தாயிரத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான். இணையத்தில் காட்டும் படங்களில் பெரும்பாலானவை, புற்றுநோய் எலும்புக்குப் பரவியதால் இதே மருந்தை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை வாங்கிக்கொண்டவர்களுடையவை.

இருந்தாலும் மருந்துக்கு முன்பே ஒரு தடவை பல்லைக் காட்டிவிடுவது நல்லது. பிடுங்க வேண்டிய சொத்தைப் பல் இருந்தால் இப்போதே பிடுங்கிவிட்டு, குழி ஆறும் வரை சில வாரம் பொறுத்து மருந்தை ஏற்றலாம். பற்களைச் சுத்தம் செய்வது, அடைப்பது, வேர் சிகிச்சை ஆகியவற்றை மருந்துக்குப் பின்னும் செய்யலாம். பிடுங்குவதும் இம்ப்ளான்ட் பொருத்துவதும்தான் யோசிக்க வேண்டியவை. பொருந்தாத பல்செட் ஈறைக் கீறிக்கொண்டிருந்தால் அதையும் சரி செய்துகொள்ளுங்கள். மருந்து ஏற்றிய பின் எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக இந்த மருந்தின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். பயந்துகொண்டு பல்வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பது இன்னும் மோசம்.

மருந்துப் பெட்டியைக் கொட்டிப் பார்ப்பது

அம்மாவின் மருந்துகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கும். அதை அப்படியே மருத்துவர் மேசையில் கொட்டினேன். அவர் முதலில் எடுத்துத் தனியே வைத்தது முழங்கால் வலிக்காகப் பக்கத்து மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி வந்த டைக்ளோஃபெனாக். அந்த வகை வலி மாத்திரைகளும் சிறுநீரகத்துக்குச் சுமை. இரண்டும் சேரக் கூடாது. நீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்த வேண்டாம். எலும்புப்புரைக்கு வாரம் ஒரு முறை அலெண்ட்ரோனேட் மாத்திரை (இதே வகை மருந்து) சாப்பிட்டு வந்தவர்கள் அதை நிறுத்திவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும். நாட்டு மருந்து, லேகியம், பஸ்பம் எதுவானாலும் மறைக்காதீர்கள்.

ஆஸ்பிரினால் மூச்சிரைப்பு வருபவர்கள், தைராய்டிலோ பாராதைராய்டிலோ அறுவை செய்துகொண்டவர்கள், இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்கள் ஆகியோரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கருத்தரிக்க வாய்ப்புள்ள வயதில் இருப்பவர்களுக்கு இந்த மருந்து பெரும்பாலும் தரப்படுவதில்லை. எலும்பில் ஒட்டியது ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கும்.

நாள் குறிப்பது

பஞ்சாங்கம் பார்க்கிறோமோ இல்லையோ, இதைப் பார்க்க வேண்டும். மருந்து ஏற்றிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடம்பு படுத்தக்கூடும். சனிக்கிழமை ஏற்றினால் ஞாயிற்றுக்கிழமை இரவு காய்ச்சல் வரும்போது தெரிந்த மருத்துவர் யாரும் இருக்க மாட்டார். நாங்கள் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுப்போம். அந்த வாரத்தில் கல்யாணம், கோயில் பயணம், பொங்கல் வேலை எதுவும் இருக்கக் கூடாது. கத்திரி வெயில் நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். உடலில் நீர் வற்றியிருக்கும்போது இந்த மருந்து சிறுநீரகத்தைச் சோதிக்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி இருந்தால் தள்ளிப் போடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மருந்து என்பதால் சில வாரம் தள்ளினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

தனியாக வசிப்பவர் என்றால் அந்த மூன்று இரவும் யாராவது துணைக்கு இருக்கட்டும். காய்ச்சல் மயக்கத்தில் இரவில் கழிவறைக்கு எழுந்து போய் விழுவதற்காகவா இந்த மருந்தை ஏற்றுகிறோம்?

அன்றைய தினம்

வெறும் வயிறு தேவையில்லை. வழக்கம்போல் இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டு, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் சொன்னபடி எடுத்துக்கொண்டு கிளம்பலாம். கிளம்புவதற்கு முன் இரண்டு பெரிய டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். வழியில் சிறுநீர் வந்துவிடுமே என்று அம்மா குடிக்க மாட்டேன் என்பார். பெரும்பாலான அம்மாக்களின் கதை இதுதான். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததும் குடிக்க வைப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டுள்ள இதய நோயாளிகள் மட்டும் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் வென்ஃப்ளான் (ரத்தக்குழாயில் செருகும் சிறு குழாய்) போட்டு மருந்தை இறக்குவார்கள். 15 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. பல இடங்களில் அரை மணி நேரம் வைக்கிறார்கள், அது இன்னும் நல்லது. கையோடு ஒரு கடிகாரம் கொண்டுபோங்கள். வரிசையில் ஆள் காத்திருக்கிறது என்று யாராவது வேகத்தைக் கூட்டினால் பணிவாகக் கேளுங்கள். ரிங்கர் லாக்டேட் போன்ற கால்சியம் கலந்த திரவங்களோடு இதைக் கலக்கக் கூடாது என்பதைச் செவிலியர்கள் அறிவார்கள். தனிக் குழாயில்தான் ஏற்றுவார்கள். ஊசி குத்திய இடம் கொஞ்சம் சிவந்து வீங்கினால் ஐஸ் ஒத்தடம் போதும்.

வீட்டுக்கு வந்த பிறகும் அன்று முழுக்கத் தண்ணீர், மோர், ரசம் என்று ஏதாவது உள்ளே போய்க்கொண்டிருக்கட்டும்.

முதல் மூன்று நாட்கள்

காய்ச்சல், குளிர், உடல் வலி, தலைவலி, மூட்டு வலி, குமட்டல், அசதி. இவை பெரும்பாலும் முதல் நாள் இரவிலிருந்து இரண்டாம் நாளுக்குள் தொடங்கும். மூன்று நாட்களில் அடங்கும். சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும்.

இது ஒவ்வாமை அல்ல, கிருமித் தொற்றும் அல்ல. மருந்து செல்லுக்குள் ஒரு நொதியைத் தடுக்கிறது. அதனால் அங்கே ஒரு பொருள் தேங்குகிறது. நம் ரத்தத்தில் சுற்றும் காமா-டெல்டா டி செல்கள் என்ற காவல்காரர்கள் அந்தப் பொருளைப் பார்த்துவிட்டு ஏதோ கிருமி நுழைந்துவிட்டது என்று ஊரைக் கூட்டுகின்றன. அந்தக் கூச்சல்தான் காய்ச்சல். ஹொரைசன் ஆய்வில் முதல் டோஸுக்குப் பின் இந்த அறிகுறிகள் வந்தவர்கள் ஏறத்தாழ 32 சதவீதம். இரண்டாவதற்குப் பின் 7 சதவீதத்துக்கும் கீழே. மூன்றாவதற்குப் பின் 3 சதவீதத்துக்கும் கீழே. முதல் தடவை படுத்திய மருந்து மறுதடவையும் அப்படியே படுத்தும் என்று நினைத்துத்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இந்த மூன்று எண்களை எங்களுக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த ஆட்டோ ஓட்டம் மிச்சமாகியிருக்கும்.

தடுக்க எளிய வழி பாராசிட்டமால். காய்ச்சல் வரும் வரை காத்திருக்காமல், மருந்து ஏற்றும் நாளிலேயே தொடங்கி மூன்று நாள் தொடர்ந்து கொடுக்கச் சொல்வார்கள். அம்மாவுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளில் நான்குக்கு மேல் இல்லை. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அளவு குறையும், கேட்டுக்கொள்ளுங்கள். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது; இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடக் கூடாது.

செய்யக் கூடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உடம்பு வலிக்கிறது என்று தெருமுனை கிளினிக்குக்குப் போய் இடுப்பில் ஒரு வலி ஊசி போட்டுக்கொண்டு வருவது நமக்குப் பழக்கம். அது அனேகமாக டைக்ளோஃபெனாக்காக இருக்கும். காய்ச்சலில் நீர் வற்றி, சிறுநீரகத்தில் இந்த மருந்து இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது வேண்டாம். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் டிரிப்ஸ் போட்ட சீட்டைக் காட்டுங்கள்.

சாப்பாடு இறங்காது. நொய்க்கஞ்சி, இளநீர், சுக்குக் காப்பி எது இறங்குகிறதோ அது. இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும்.

நான்காம் நாளும் காய்ச்சல் குறையாவிட்டால், அல்லது இருமல், நீர்க்கடுப்பு, தோலில் புள்ளிகள் என்று வேறு ஏதாவது கூடவே வந்தால், பழியை மருந்தின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. டெங்குவும் சிறுநீர்த் தொற்றும் இந்த மருந்துக்காக விடுமுறை எடுப்பதில்லை.

இரண்டாம் வாரம், எல்லோரும் மறந்துவிட்ட பிறகு

ரத்தத்தில் கால்சியம் மிகக் கீழே இறங்குவது ஒன்பதாம் நாளிலிருந்து பதினொன்றாம் நாள் வரை. உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோல் உணர்வு, கெண்டைக்கால் இழுப்பு ஆகியவை அதன் அடையாளம். அப்போது கால்சியம் பார்க்க வேண்டும். கைகால் விறைத்துக்கொண்டால் உடனே மருத்துவமனைக்கு. காய்ச்சல் விட்ட மகிழ்ச்சியில் கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடுபவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் வர வாய்ப்பு அதிகம். சிறுநீரகம் விளிம்பில் இருப்பவர்களுக்குக் கிரியாட்டினினையும் இதே சமயத்தில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.

உணவும் மாத்திரையும் சேர்த்து நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 மில்லி பாலில் சுமார் 120, 100 கிராம் கேழ்வரகில் 350 அளவுக்கு இருக்கிறது. முள்ளோடு தின்னும் நெத்திலியும் எள்ளும் நல்ல துணை. மிச்சத்துக்கு மாத்திரை. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து விழுங்கக் கூடாது.

காத்திருக்கக் கூடாதவை

கண் சிவந்து வலித்து, வெளிச்சம் பட்டால் கூசினால் அது கண்வலி சீசன் என்று நினைத்துத் தாய்ப்பால் விட்டுக்கொண்டிருக்காமல் கண் மருத்துவரிடம் அன்றே போக வேண்டும். கண்ணுக்குள் அழற்சி அரிதாக வரும். சொட்டு மருந்தில் அடங்கும். விட்டுவைத்தால் பார்வைக்குக் கேடு. சிறுநீர் வெகுவாகக் குறைந்தால், கால் முகம் வீங்கினால், மூச்சு முட்டினால், உடம்பெங்கும் தடிப்பு வந்தால், நெஞ்சு படபடவென்று தாறுமாறாக அடித்தால் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். ஹொரைசன் ஆய்வில் தீவிரமான இதயத் துடிப்புக் கோளாறு 1.3 சதவீதத்தினருக்கு வந்தது. மருந்தில்லாத குழுவில் 0.5 சதவீதம்.

மூன்றாவது டிரிப்ஸுக்குப் பிறகு

இந்த மருந்தை ஆயுள் முழுக்க ஏற்றிக்கொண்டே இருப்பதில்லை. மூன்று ஆண்டு முடிந்ததும் டெக்ஸா எடுத்து, முறிவு எதுவும் புதிதாக இல்லாமல் இடுப்பெலும்பின் டி-ஸ்கோர் தேறியிருந்தால் சில ஆண்டு இடைவெளி விடுவார்கள். அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு ஆறு ஆண்டு வரை தொடர்வதும் உண்டு. நீண்ட காலம் எடுத்துக்கொள்பவர்களில் வெகு சிலருக்குத் தொடையெலும்பு, பெரிதாக அடிபடாமலே குறுக்காக முறியும். அது பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், தொடையிலோ தொடை இடுக்கிலோ ஒரு மந்தமான வலி இருக்கும். தைலம் தேய்த்துப் பார்ப்பதற்கு முன் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், இரண்டு தொடைகளுக்கும்.

அம்மாவுக்கு மூன்றாவது டிரிப்ஸ் சென்ற ஆனியில் முடிந்தது. இரவு 99 டிகிரி வந்தது, ஒரு பாராசிட்டமாலில் போனது. காலையில் எழுந்தபோது அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். டெக்ஸாவுக்கு வரும் ஆனியில் தேதி வாங்கியிருக்கிறோம்.